மணலிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா? பாறை அடுக்குகளும் பெட்ரோலிய வளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்கர் லாரி போகாத நாளே இல்லாத பகுதி வடசென்னை. இங்கே நிலவியல் என்று பேச்செடுத்தாலே முதல் கேள்வி எண்ணெயைப் பற்றித்தான் வரும். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டைப் பக்கத்து மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மணலியில ரிஃபைனரி இருக்கே சார், அப்போ அடியில எண்ணெய் இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. மணலி ஆலை துறைமுகத்தை நம்பி வந்தது. இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின. 1969-இல் உற்பத்தி ஆரம்பமானது. ஈரானிலிருந்து வரும் கச்சா எண்ணெயை மனத்தில் வைத்தே ஆலையை வடிவமைத்தார்கள். இன்றைக்கும் சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கப்பல் நிற்கிறது; கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலிக்குப் போகிறது.

எண்ணெய் வயலுக்குப் பக்கத்திலேயே கட்டிய ஆலையும் தமிழ்நாட்டில் இருந்தது. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் 1993-இல் வந்த சிறிய ஆலை அது.

அப்போ எங்க காலடியில என்னதான் இருக்கு?

மேலே கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும். கடலோரமாக இருந்தால் அதோடு கடல் மணலும் சேரும். மீஞ்சூர்ப் பக்கம் இந்த ஆற்று மணல் பல பத்து மீட்டர் ஆழம் வரை போவதால்தான் அங்கே குடிநீர்க் கிணறுகள் போட்டார்கள். அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே வந்தது தனிக்கதை.

அதற்குக் கீழே கோண்ட்வானா (இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டம்) காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும். ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இவை நிலமட்டத்துக்கு அருகிலேயே வந்துவிடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகளில் டைலோஃபில்லம் போன்ற பழங்காலத் தாவரங்களின் இலைத்தடம் கிடைக்கிறது. சில மட்டங்களில் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடும் கிடைக்கிறது. கிரிட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதி, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கரையோரம். சத்தியவேடு பக்கம் போனால் அதே தொகுதியின் கூழாங்கல் பாறையைப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் சார்னோகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெளியே தெரிகிற அதே கருங்கல்தான். தென்சென்னையில் போர் போடுகிறவர் சீக்கிரம் 'பாறை வந்துடுச்சு' என்பதும், வடக்கே போடுகிறவர் மணலும் களியுமாக இறங்கிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

படிவுப் பாறைதான் இருக்கே. அது இருந்தா எண்ணெய் இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கே?

பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். எண்ணெய் கிட்டத்தட்ட எப்போதும் படிவுப் பாறையில் பிறக்கிறது. ஆனால் எல்லாப் படிவுப் பாறையும் எண்ணெயைப் பெறுவதில்லை. இந்தியாவில் 26 படிவுப் படுகைகள், மொத்தம் சுமார் 33.6 லட்சம் சதுர கிலோமீட்டர். நெடுங்காலம் வணிக அளவில் எண்ணெய் அல்லது எரிவாயு தந்த படுகைகள் ஏழுதான். காவிரி அவற்றில் ஒன்று. 2020 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் அசோக்நகர் வயலோடு வங்காளப் படுகை எட்டாவதாகச் சேர்ந்தது.

ஒரு படுகையை மதிப்பிடுகிறவர் தேடுவது ஒரு வரிசையை. கரிமம் நிறைந்த மூலப்பாறை, அதை வேகவைக்கும் ஆழம், பிறந்த எண்ணெய் நகர ஒரு வழி, தங்க இடமுள்ள தேக்கப்பாறை, மேலே கசியவிடாத மூடிப்பாறை, எண்ணெய் ஒதுங்கி நிற்க ஒரு பொறி. இவை அனைத்தும் இருந்தும் காலம் முன்பின்னாகிவிட்டால் ஒன்றுமில்லை. எண்ணெய் நகர்ந்து போன பிறகு பொறி உருவாகியிருந்தால், அழகான, காலியான பொறி கிடைக்கும். பள்ளிப் பாடங்கள் முதல் ஆறையும் சொல்லிவிட்டு இந்த ஏழாவதை விட்டுவிடுகின்றன. என் அனுபவத்தில் இதுதான் முக்கியமானது.

அடுக்கைப் பார்த்து அந்தக் கதையை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

கலையாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதி இது. இரண்டாவது விதி இதைவிடச் சுவையானது. வடசென்னைக்காரருக்கு எளிதில் பிடிபடும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். உள்ளே கழிமுகத்தில் கறுப்புச் சேறு. வெளியே கரையில் மணல். கடலுக்குள் இன்னும் தள்ளிப் போனால் மீண்டும் நுண்ணிய சேறு. மூன்றும் இன்று, ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் படிந்துகொண்டிருக்கின்றன. கடல்மட்டம் மெல்ல உயர்ந்தால் கரை மேற்கே தள்ளிப்போகும். அப்போது இன்று கழிமுகச் சேறு இருக்கிற இடத்தின் மேல் கரை மணல் படியும். அதன் மேல் ஆழ்கடல் சேறு படியும். இன்று பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை நாளை ஒன்றின் மேல் ஒன்றாகும். 1894-இல் ஜொஹான்னஸ் வால்தர் சொன்னது இதைத்தான்.

ஆகவே ஒரு கிணற்றில் சேறு, மணல், சேறு என்ற வரிசையைக் கண்டால், அங்கே கடல் முன்னேறியது என்று தெரியும்; அதன் மணல் கரையோரமாக எந்தத் திசையில் நீண்டு கிடக்கும் என்றும் ஊகிக்கலாம். அடுத்த கிணறு எங்கே என்ற கேள்விக்குப் பதில் அந்த ஊகத்தில்தான் இருக்கிறது. அந்த வரிசையில் மணல் விடுபட்டிருந்தால் அதுவும் ஒரு செய்தி: இடையில் எங்கோ அரிப்பு நடந்திருக்கிறது. அரித்துப்போன காலத்தின் அளவைக் கணக்கிடுவது, இருக்கிற அடுக்கைப் படிப்பதைவிடக் கடினம்.

எண்ணூர் சேறு கறுப்பா இருக்கே, அதுதான் நாளைக்கு எண்ணெயாகுமா?

சில பகுதிகள் ஆகலாம். சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை வாடை வருகிறது அல்லவா? அடியில் ஆக்சிஜன் இல்லை என்பதன் அடையாளம் அது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செத்த பாசியும் தாவரமும் முழுவதும் மக்காமல் புதைகின்றன. மூலப்பாறையின் தொடக்கம் அதுதான்.

ஆனால் கறுப்பை நம்பிவிடக் கூடாது. கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. அதில் எரியாமல் மிஞ்சிய கரி உண்டு. மொத்தக் கரிமத்தை மட்டும் அளந்தால் அந்தக் கரியும் கணக்கில் ஏறி நல்ல எண்ணைக் காட்டும். சூடாக்கினால் ஒரு துளி எண்ணெயும் தராது. அதனால்தான் ஆய்வகத்தில் இரண்டு சோதனை. முதலாவது, மொத்தக் கரிம அளவு: எடையில் அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் களிப்பாறையை விட்டுவிடலாம், 1 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்கலாம், 2 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. இரண்டாவது, பாறைத்தூளைக் காற்றில்லாமல் படிப்படியாகச் சூடாக்கி எவ்வளவு ஹைட்ரோகார்பன் (எண்ணெயும் எரிவாயுவும்) வெளிவருகிறது என்று பார்ப்பது. ராக்-இவால் என்று பெயர்.

கரிமம் எதிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஏரிப் பாசியும் கடல் மிதவை உயிர்களும் எண்ணெய் தரும். மரம், இலை, தண்டு போன்ற நிலத்தாவரக் கரிமம் பெரும்பாலும் எரிவாயு தரும். ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகளில் கிடைக்கும் இலைத்தடங்கள் பார்க்க அழகு. எண்ணெய் தேடுகிறவருக்கு அவ்வளவு நல்ல சேதியல்ல.

வேகணும்னு சொன்னீங்களே, எவ்வளவு சூடு?

பொதுவாக 60 முதல் 120 டிகிரி செல்சியஸ். சில பாறைகளில் 150 வரை. சோற்றுப் பதம் மாதிரிதான்: குறைந்தால் அரிசி, மிஞ்சினால் குழைவு. இங்கே குழைவு என்பது எரிவாயு.

கணக்கு எளிது. தரைமட்டத்தில் 29 டிகிரி, ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 டிகிரி கூடும் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டரில் 104 டிகிரி. எண்ணெய்க்குச் சரியான இடம். அரை கிலோமீட்டரில் 42 டிகிரிகூட வராது. சென்னைக்கு அடியில் உள்ள கோண்ட்வானா அடுக்குகள் காவிரிப் படுகையின் பள்ளங்களோடு ஒப்பிட முடியாத அளவுக்கு மெல்லியவை. நல்ல கரிமமே இருந்தாலும் இன்றைய ஆழத்தில் அது வேகாது.

உடனே ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்பார்: 'முன்னால ஆழத்துல இருந்து, அப்புறம் மேல எழும்பியிருந்தா?' நல்ல கேள்வி. பாறை தான் பட்ட அதிகபட்ச சூட்டை மறப்பதில்லை. மரத்துகளிலிருந்து வந்த விட்ரினைட் என்ற துணுக்கு, சூடு ஏற ஏற அதிகமாக ஒளியைத் திருப்பியடிக்கும். நுண்ணோக்கியில் அந்த ஒளியளவு 0.6 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெய் பிறக்கத் தொடங்கியிருக்கிறது, 1.3-ஐத் தாண்டினால் காலம் கடந்து எரிவாயுவுக்குப் போய்விட்டது. பழைய மகரந்தத்தின் நிறமும் மஞ்சளிலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து கறுப்பு என்று மாறும். எத்தனை முறை எழும்பி இறங்கினாலும் இந்தச் சாட்சிகள் பின்னோக்கிப் போவதில்லை.

காவிரியில மட்டும் ஏன் கிடைச்சுது? ரெண்டும் ஒரே கடற்கரைதானே?

கரை ஒன்று, அடித்தளம் வேறு. கோண்ட்வானா கண்டம் பிளந்தபோது இந்தியாவின் கிழக்கு விளிம்பு நெடுக விரிசல்கள் விழுந்தன. காவிரிப் பகுதியில் அந்தப் பிளவு வடகிழக்கு–தென்மேற்காகப் பள்ளமும் மேடுமாகக் கருங்கல் தளத்தை உடைத்துப் போட்டது. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் எனப் பள்ளங்கள். இடையில் கும்பகோணம்–மாதானம் போன்ற மேடுகள். ஆழமான பள்ளங்களில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவு சேர்ந்தது. பள்ளம் வேகவைக்கும் அடுப்பு. பக்கத்து மேடு எண்ணெய் ஏறி ஒதுங்கும் இடம். இரண்டும் அருகருகே அமைந்ததுதான் காவிரியின் அதிர்ஷ்டம்.

அடுக்குகளின் பெயர்களும் நம் ஊர்ப் பெயர்களே: ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி. அடியில் ஆண்டிமடம் தொகுதியின் களிப்பாறைதான் முதன்மை மூலப்பாறை. சத்தப்பாடிக் களிப்பாறை தானும் கரிமம் தாங்கி, கீழே இருப்பதை மூடவும் செய்கிறது. புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் அடுக்குகளின் மணற்பாறைகள் தேக்கம்.

இருந்தும் அது எளிதாக அகப்படவில்லை. 1960களிலேயே துளையிடத் தொடங்கினாலும் நரிமணம் போன்ற வயல்கள் 1980களில்தான் கிடைத்தன.

சென்னை இருப்பது பாலாற்றுப் படுகையில். அதன் நிலப்பகுதியில் இதுவரை வணிக உற்பத்தி எதுவும் இல்லை. கடலுக்குள் போகப் போகப் படிவுகள் தடிக்கின்றன. ஆழ்கடல் தேடல் அங்கே நியாயமானது. கரையில், மணலியிலோ மாதவரத்திலோ, நான் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன்.

தேக்கம்னா அடியில எண்ணெய் ஏரி மாதிரி இருக்குமா?

இருக்காது. மணல்துகள்களுக்கு இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் தங்கியிருக்கும். நல்ல மணற்பாறையில் கன அளவில் 15 முதல் 25 சதவீதம் இடுக்கு இருக்கும். இடுக்குகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இருந்தும் கிணற்றுக்கு நகர்ந்து வராது. ஆழம் கூடக் கூட இடுக்குகளில் சிலிக்காவும் கால்சைட்டும் படிந்து அடைத்துக்கொள்ளும். மும்பை ஹை வயலில் தேக்கம் மணற்பாறை அல்ல, சுண்ணாம்புக்கல்.

இன்னும் விசித்திரம் காவிரியில் உண்டு. மாதானத்திலும் கடலுக்குள் பிஒய்-1 வயலிலும் தேக்கம் அடித்தளக் கருங்கல்லே. கருங்கல்லில் எண்ணெய் பிறக்காது. விரிசல் விட்ட கல்மேட்டுக்குள், பக்கத்துப் பள்ளத்தின் களிப்பாறையில் பிறந்தது பக்கவாட்டில் ஏறிப் புகுந்துகொண்டது. 'சென்னையிலும் அடியில் கருங்கல்தானே' என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் அடுப்பு இல்லை.

ஃபாஸிலுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

வயது. துளைக்கிற பிட் பாறையை நொறுக்கித் துண்டுகளாக, மட் எனப்படும் சேற்றுக் கரைசலோடு மேலே அனுப்புகிறது. களத்தில் கட்டிங்ஸ் என்பார்கள். அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் பெரிய சுருள் ஓடெல்லாம் அதில் தூளாகிவிடும். ஃபோராமினிஃபெரா என்கிற மணல்துகள் அளவு உயிரிகளின் ஓடுகள் தப்பிவிடுகின்றன. எந்த வகை ஓடு எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்பது உலகம் முழுவதும் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கிறது. கூடவே, அந்த இடத்தில் கடல் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதையும் அவை சொல்லும்.

இரண்டு கிணற்றில் ஒரே மாதிரி மணல் வந்தால் இரண்டும் ஒரே அடுக்கு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஓடுகள் வேறு வேறு வயதைச் சொன்னால் அது இரண்டு தனி மணல், இரண்டு தனித் தேக்கம். இந்த ஒரு வித்தியாசத்தில் வயலின் மதிப்பே தலைகீழாகும்.

தோண்டாமலே பார்க்க முடியாதா?

நிலஅதிர்வு ஆய்வில் பார்க்கலாம். அதிர்வு லாரியாலோ சிறு வெடியாலோ அலையை அனுப்பி, ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலிருந்தும் திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். கடலில் அழுத்தக் காற்றுத் துப்பாக்கி. கிடைக்கும் படத்தில் அடுக்குகள் எங்கே வளைகின்றன, எங்கே உடைகின்றன, எங்கே மெலிந்து முடிகின்றன என்று தெரியும். இரண்டு எச்சரிக்கை. படம் ஆழத்தில் அல்ல, அலை போய்வந்த நேரத்தில் இருக்கும். வேகம் தெரியாமல் மீட்டராக மாற்ற முடியாது. மேலும் அது வடிவத்தைக் காட்டும். உள்ளே இருப்பது எண்ணெயா உப்புநீரா என்பதை உறுதியாகச் சொல்லாது. (கன்டெய்னர் லாரிகள் அதிரும் எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் யாராவது இந்த ஆய்வைச் செய்யச் சொன்னால் பரிதாபம்தான்.)

எல்லாம் பார்த்துத்தானே தோண்டுறாங்க, அப்புறமும் ஏன் எண்ணெய் வரல?

பெருக்கிப் பாருங்கள். மூலப்பாறை வெந்திருக்க 80 சதவீத வாய்ப்பு, நல்ல தேக்கம் இருக்க 70, மூடி கசியாமலிருக்க 60, பொறி சரியான நேரத்தில் அமைந்திருக்க 50 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக எதுவும் மோசமில்லை. நான்கையும் பெருக்கினால் சுமார் 17 சதவீதம். ஆறு கிணறு போட்டால் ஒன்று. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் 'அங்கே எண்ணெய்க் கடலே இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் படிக்க வேண்டாம்.

டெல்டாவுல இனிமே எடுக்கலாமா?

காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதன்படி அந்த மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அனுமதியில்லை. ஏற்கெனவே இயங்குபவை தொடரலாம். பாறை என்ன சொல்கிறது என்பது ஒரு கேள்வி, ஊர் என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. இந்தப் பக்கம் முதல் கேள்விக்கானது.

எங்க வீட்டு அடிபம்புல பெட்ரோல் வாசனை வருது. இயற்கையா ஊறுதா?

இல்லவே இல்லை. பெட்ரோல் ஆலையில் பிரித்தெடுத்த பொருள். மண்ணுக்கடியில் அது பெட்ரோலாக இருப்பதில்லை. குழாயோ நிலத்தடித் தொட்டியோ கசிகிறது என்று பொருள். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பம்புக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வாசனையில்லாமல் தண்ணீர் மேல் வானவில் நிறப் படலம் மட்டும் மிதந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்தால் அது இரும்புப் பாக்டீரியா. கலைந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். சேற்றிலிருந்து குமிழ் வந்தால் பெரும்பாலும் சதுப்பு வாயு, அண்மையில் மக்கிய குப்பையிலிருந்து வருவது. ஆழத்து எரிவாயு அல்ல. கரையில் ஒதுங்கிய தார் என்றால் கப்பல்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியதை வாளியால் அள்ளியவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நேர்ல பார்க்கணும்னா எங்க போகணும்?

எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் தொடங்குங்கள். படிப்பாக எடுக்க விரும்பினால் மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் நிலவியல் துறை உண்டு.

பாறையைத் தொட்டுப் பார்க்க அரியலூர், பெரம்பலூர்தான். காவிரி டெல்டாவுக்கு அடியில் புதைந்திருக்கும் கிரிட்டேஷியஸ் அடுக்குகளுக்கு இணையானவை அங்கே மேற்கு விளிம்பில் வெளியே தெரிகின்றன. நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1860களின் தொடக்கத்தில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று வகைப்படுத்திய தொகுதிகள். காரை என்ற ஊரில் அரித்து வரிவரியாக நிற்கும் களிப்பாறை மேடுகள் ஏறக்குறைய சத்தப்பாடி அடுக்கின் வயதை ஒட்டியவை. கிணற்றில் கைப்பிடித் தூளாக வருவதை அங்கே கிலோமீட்டர் கணக்கில் நடந்தே பார்க்கலாம். டால்மியாபுரத்தில் பழைய பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். காரையில் நிழலே கிடையாது, காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். அம்மோனைட்டைக் கண்டால் அளவுக்கு ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவாருங்கள்.